நோய் எதிர்ப்பு சக்தியே எதிரியானால்? குழந்தைகளைத் தாக்கும் டைப் 1 சர்க்கரை நோய் - மருத்துவம் இப்போது எங்கே நிற்கிறது?

"எங்க குடும்பத்துல யாருக்குமே சுகர் இல்லையே டாக்டர்... நிறைய சாக்லேட் சாப்பிட்டதாலயா?"

ஏழு, எட்டு வயதுக் குழந்தைக்கு சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்த சில நாட்களில் உறவினர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாட்ஸ்அப் குரூப் என ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அதில் தவறாமல் ஒன்று இருக்கும்: "பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு. அதைக் கூட்டுற மாதிரி ஏதாவது கொடுங்க."

உண்மை இதற்கு நேர்மாறானது. டைப் 1 சர்க்கரை நோயில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை. கிருமிகளைத் தாக்க வேண்டிய அதே சக்தி, ஆள் மாறி, நம் உடலின் சொந்த செல்களையே தாக்குகிறது. சர்க்கரை ஏறுவது அந்தத் தாக்குதலின் கடைசி விளைவு மட்டுமே.

கடந்த சில ஆண்டுகளில் இந்த நோயைப் பற்றி வந்த பெரிய செய்திகள் எல்லாமே இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் வந்தன. 2022-ல் அமெரிக்காவில் ஒரு புதிய மருந்து, 2023-ல் இத்தாலியில் ஒரு சட்டம், 2025-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. இவை என்ன சொல்கின்றன? நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இதனால் என்ன பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

டைப் 1, டைப் 2 - என்ன வித்தியாசம்?

இரண்டையும் நாம் 'சுகர்' என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள்.

நம் ஊரில் பெரியவர்களுக்குப் பரவலாக வருவது டைப் 2. இதில் உடலில் இன்சுலின் இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. நாளாக நாளாகச் சுரப்பதும் குறையும். உடல் எடை, உணவு, உடற்பயிற்சி, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு.

டைப் 1-ல் இன்சுலினை உற்பத்தி செய்யும் இடமே அழிக்கப்படுகிறது. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் குட்டித் தீவுகள் போல லட்சக்கணக்கான செல் கூட்டங்கள் உள்ளன. 1869-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டறிந்ததால் 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயர். இந்தத் தீவுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. டைப் 1-ல் அழிவது இந்த பீட்டா செல்கள்தான்.

சாக்லேட்டோ, ஐஸ்கிரீமோ, பெற்றோரின் கவனக்குறைவோ இதற்குக் காரணம் இல்லை. இது முதலில் தெளிவாக வேண்டிய விஷயம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. டைப் 1 என்றால் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் என்பது. 30, 40 வயதிலும் இது வரலாம். அப்படி வருபவர்களில் பலருக்கு முதலில் டைப் 2 என்று நினைத்து மாத்திரை கொடுக்கப்படுவதும் நடக்கிறது.

உடலே உடலைத் தாக்குவது எப்படி?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை 'டி செல்கள்'. இவைதான் உடலின் காவல் படை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிப்பது இவற்றின் வேலை.

நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் இந்தப் படைக்குப் பயிற்சி நடக்கிறது. 'யார் நம்மவர், யார் வெளியாள்' என்ற பாடம் அங்கேதான். சொந்த செல்களைத் தாக்கும் குணமுள்ள டி செல்கள் அங்கேயே நீக்கப்படுகின்றன. ஆனால் எந்தப் பயிற்சியிலும் சிலர் தப்பி விடுவார்கள் அல்லவா? அதுபோல சில டி செல்கள் தப்பி வெளியே வந்து விடுகின்றன.

டைப் 1 நோயில், இப்படித் தப்பிய டி செல்கள் பீட்டா செல்களை எதிரி என்று நினைத்துக் கணையத்துக்குள் புகுகின்றன. இன்னொரு பக்கம் 'பி செல்கள்' என்ற வெள்ளை அணுக்கள், இன்சுலினுக்கும் பீட்டா செல்லில் உள்ள சில புரதங்களுக்கும் எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்குகின்றன. செல்களைக் கொல்லும் முக்கிய வேலையைச் செய்வது டி செல்கள். ஆன்டிபாடிகள், உள்ளே தாக்குதல் நடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் புகை போன்றவை.

இது தெரிய வர மருத்துவ உலகுக்கு நீண்ட காலம் ஆனது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முறையாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதே அரிது. ஆனால் பீட்டா செல்கள் ஏன் அழிகின்றன என்பதற்கான முக்கியத் தடயம் கிடைத்தது 1974-ல்தான். லண்டனில் போட்டாசோ, டோனியாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நோயாளிகளின் ரத்தத்தில் கணையத் தீவுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டுபிடித்தனர். இன்சுலின் வந்து அரை நூற்றாண்டு கழித்து!

பிரேக் பிடிக்காத வண்டி: நோபல் பரிசு சொல்வது என்ன?

தப்பி வரும் டி செல்கள் எல்லோர் உடலிலும் இருக்கின்றன. அப்படியென்றால் எல்லோருக்கும் ஏன் டைப் 1 வருவதில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தந்த கண்டுபிடிப்புக்குத்தான் 2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்தது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

காவல் படைக்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. அது மற்ற டி செல்களை அடக்கி வைக்கிறது என்று 1995-ல் காட்டியவர் சகாகுச்சி. இவற்றுக்கு 'ரெகுலேட்டரி டி செல்கள்' என்று பெயர். எளிமையாகச் சொன்னால், இவைதான் பிரேக். அந்த பிரேக்கை இயக்கும் 'ஃபாக்ஸ்பி3' என்ற மரபணுவை 2001-ல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் கண்டறிந்தார்கள்.

இந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு 'ஐபெக்ஸ்' என்ற அரிய நோய் வருகிறது. அவர்களில் பலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

இன்னொரு சாட்சி புற்றுநோய் வார்டில் இருக்கிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள், டி செல்களின் வேறொரு பிரேக்கை விடுவித்து அவற்றைப் புற்றுநோய்க்கு எதிராகப் பாய விடுகின்றன. பலரின் உயிரைக் காப்பாற்றிய மருந்துகள் இவை. ஆனால் இவற்றை எடுத்துக்கொள்ளும் சிலருக்கு, ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, திடீரென டைப் 1 போன்ற சர்க்கரை நோய் வருகிறது. எதிர்ப்பு சக்தியை 'பூஸ்ட்' செய்தால் என்ன நடக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

'என் குழந்தைக்கு ஏன்?'

இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. 'எச்எல்ஏ' எனப்படும் மரபணுக்களில் சில வகைகள் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் மரபணு மட்டுமே காரணம் என்றால், உருவ ஒற்றுமை கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே ஆக வேண்டும். அப்படி நடப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், புதிதாக டைப் 1 வருபவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்ததில்லை. "எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லையே" என்ற பெற்றோரின் குழப்பம் இதனால்தான்.

சுற்றுச்சூழலுக்கும் பங்கு இருக்கிறது. உலகிலேயே குழந்தைகளுக்கு டைப் 1 மிக அதிகமாக வரும் நாடு ஃபின்லாந்து. அதன் எல்லையை ஒட்டிய ரஷ்யாவின் கரேலியா பகுதியில் வாழும் மக்களின் மரபணு அமைப்பு பெரிய அளவில் வேறுபடவில்லை. ஆனால் அங்கே இந்த நோய் சுமார் ஆறில் ஒரு பங்குதான் என்று ஆய்வுகள் காட்டின. காக்ஸாக்கி போன்ற குடல் சார்ந்த வைரஸ்கள் மீது நீண்ட நாளாகச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் 'இதுதான் குற்றவாளி' என்று எதுவும் உறுதியாகவில்லை.

"அப்போ தடுப்பூசி எதிர்ப்பு சக்தியைத் தூண்டுதே, அதனால வருமா?" என்று சிலர் கேட்பதுண்டு. டென்மார்க்கில் 1990 முதல் 2000 வரை பிறந்த அத்தனை குழந்தைகளின் தரவுகளையும் வைத்து இதை ஆராய்ந்தார்கள். தடுப்பூசிக்கும் டைப் 1-க்கும் தொடர்பு இல்லை என்பதே 2004-ல் வெளியான முடிவு. எனவே இந்தப் பயத்தில் தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள்.

சத்தமில்லாமல் நகரும் மூன்று கட்டங்கள்

டைப் 1 ஒரே நாளில் வந்தது போலத் தெரியும். ஆனால் உள்ளே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும். இதை இப்போது மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்.

முதல் கட்டம்: ரத்தத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் இருக்கும். சர்க்கரை அளவு நார்மல். எந்த அறிகுறியும் இருக்காது.

இரண்டாம் கட்டம்: ஆன்டிபாடிகளுடன் சர்க்கரை அளவும் லேசாக மாறத் தொடங்கும். அப்போதும் குழந்தை நன்றாகவே இருக்கும்.

மூன்றாம் கட்டம்: பீட்டா செல்கள் பெருமளவு அழிந்து, சர்க்கரை எகிறும். அதீத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என அறிகுறிகள் தெரியும்.

இதில் முக்கியமானது என்னவென்றால், இரண்டு ஆன்டிபாடிகள் தெரிந்த குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டதாக 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதாவது, நோய் வரப்போகிறது என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

சரி, தெரிந்து என்ன செய்ய? இங்கேதான் 2022-ன் மருந்து வருகிறது.

நோயைத் தள்ளிப்போடும் முதல் மருந்து

டெப்லிசுமாப். 2022 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி அளித்தது. இது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து அல்ல. டி செல்களின் வேகத்தைத் தணிக்கும் மருந்து. இரண்டாம் கட்டத்தில் இருக்கும், 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, தொடர்ந்து 14 நாட்கள் நரம்பு வழியாக டிரிப்ஸ் போல ஏற்ற 2022-ல் அனுமதி கிடைத்தது.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 76 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களுக்கு நோய் வெளிப்பட எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் சுமார் 48 மாதங்கள். மருந்து பெறாதவர்களுக்கு சுமார் 24 மாதங்கள். அதாவது இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

"வெறும் ரெண்டு வருஷம்தானா?" என்று தோன்றலாம். எட்டு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தினமும் பல முறை ஊசி, விரலில் குத்தி ரத்தப் பரிசோதனை, நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயம்... இவை எதுவும் இல்லாத இரண்டு ஆண்டுகள். அதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் விலை? அறிமுகமானபோது ஒரு முழு கோர்ஸின் விலை சுமார் 1 லட்சத்து 94 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதோடு, இது நோயைத் தள்ளிப்போடும், நிரந்தரமாகத் தடுக்காது. வெள்ளை அணுக்கள் தற்காலிகமாகக் குறைவது, தோல் தடிப்பு, தலைவலி போன்ற பக்க விளைவுகளும் உண்டு.

வேறு முயற்சிகளும் நடக்கின்றன. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் பாரிசிட்டினிப் மாத்திரையை, நோய் புதிதாக வெளிப்பட்ட 91 பேரிடம் ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு கூடுதலாகத் தங்கியது என்று 2023-ல் முடிவு வெளியானது. ஆனாலும் அவர்களுக்கு இன்சுலின் ஊசி தேவைப்பட்டது.

இத்தாலி ஏன் சட்டம் போட்டது?

2023 செப்டம்பரில் இத்தாலி நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், சீலியாக் நோய் ஆகிய இரண்டுக்கும் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்யும் திட்டம் அது. இப்படிச் சட்டம் கொண்டுவந்த முதல் நாடு இத்தாலி.

மருந்து கொடுப்பது மட்டும் இதன் நோக்கம் அல்ல. டைப் 1 பல குழந்தைகளிடம் தெரிய வருவதே 'கீட்டோஅசிடோசிஸ்' என்ற ஆபத்தான நிலையில்தான். இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை இது. ஐசியூ வரை போகும். உயிரையே பறிக்கும். ஆன்டிபாடி இருப்பது முன்பே தெரிந்த குடும்பம், முதல் அறிகுறியிலேயே மருத்துவமனைக்கு வந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு 'உனக்கு சர்க்கரை நோய் வரப்போகிறது' என்று சொல்வது குடும்பத்தின் நிம்மதியைக் கெடுக்கும். அதன் பிறகு தொடர் கண்காணிப்பு, ஆலோசனை என்று ஒரு ஏற்பாடே தேவை. அது இல்லாமல் பரிசோதனை மட்டும் செய்வது பயத்தைத்தான் கொடுக்கும்.

புதிய செல்களை வைத்தால் சரியாகிவிடாதா?

அழிந்த செல்களுக்குப் பதில் புதிய செல்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் குறுக்கே நிற்பது எதிர்ப்பு சக்திதான்.

1980-களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டைப் 1 நோயாளிகள் சிலருக்கு, அவர்களுடைய ஒத்த இரட்டையரின் கணையப் பகுதி பொருத்தப்பட்டது. மரபணு ஒன்றே என்பதால் உடல் அதை 'வெளியாள்' என்று நிராகரிக்காது என்ற நம்பிக்கை. உறுப்பை உடல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பீட்டா செல்களை மட்டும் தேடிப் பிடித்து மறுபடி அழித்தது! டி செல்களின் ஞாபகம் அவ்வளவு பலமானது.

2025 ஜூனில் வெளியான 'சிமிஸ்லெசெல்' ஆய்வில், ஸ்டெம் செல்லில் இருந்து உருவாக்கிய கணையத் தீவுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தனர். பெரிய சாதனைதான். ஆனால் அவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த ஆய்வில் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் இறந்தது பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சலில். எதிர்ப்பு சக்தியை அடக்கினால் வரும் ஆபத்து இதுதான். குழந்தைகளுக்கு இதை எளிதில் பரிந்துரைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

2025 ஆகஸ்டில் ஸ்வீடனில் இருந்து வந்த செய்தி வேறு வழியைக் காட்டியது. மரபணுவைத் திருத்தி, டி செல்களின் கண்ணில் படாதபடி மாற்றிய தீவுச் செல்களை 42 வயது நோயாளி ஒருவரின் முன்கைத் தசையில் செலுத்தினார்கள். எந்த அடக்கு மருந்தும் இல்லாமல் 12 வாரங்கள் கழித்தும் அவை உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்தன. மிகக் குறைந்த அளவு செல்கள் என்பதால் அவருக்கு ஊசி இன்னும் தேவை. ஒரே ஒரு நோயாளி, குறுகிய காலம். ஆனால் திசை நம்பிக்கை தருகிறது.

இந்தியாவில் நிலைமை என்ன?

சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் 2021 அட்லஸ் கணிப்புப்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட டைப் 1 நோயாளிகள் 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் அதிகம். உலகிலேயே இந்தியாவில்தான் அதிகம். டைப் 1-க்கு என்று தனி வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் 2022-ல் வெளியிட்டது. டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் மாத்திரை, பழம், நொறுக்குத்தீனி எடுத்துச் செல்ல சிபிஎஸ்இ 2017-ல் அனுமதி கொடுத்தது.

ஒன்றரைக் கோடி ரூபாய் மருந்து இந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு எட்டும்? இப்போதைக்கு இந்தியக் குழந்தைக்கு உயிர் காப்பவை மூன்றே விஷயங்கள்: சரியான நேரத்தில் கண்டுபிடிப்பது, இடைவிடாமல் இன்சுலின் கிடைப்பது, சர்க்கரையைத் தினமும் அளக்க ஸ்ட்ரிப் கிடைப்பது.

இந்த மூன்றில் இரண்டாவதை உடைப்பதுதான், ஆரம்பத்தில் சொன்ன 'எதிர்ப்பு சக்தி' யோசனை.

"கஷாயம் குடிச்சதும் ஊசி அளவு குறைஞ்சுதே?"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. டைப் 1 தெரிய வந்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சம் இருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் ஓய்வு பெற்று மறுபடி சுரக்கத் தொடங்கும். இன்சுலின் தேவை நன்றாகக் குறையும். மருத்துவர்கள் இதை 'ஹனிமூன் காலம்' என்கிறார்கள். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தோன்றும்.

ஆனால் உள்ளே தாக்குதல் நிற்கவில்லை. மிச்சமிருக்கும் செல்களும் மெல்ல அழியும். அந்த நேரத்தில் 'நோய் சரியாகிடுச்சு' என்று ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே குழந்தை கீட்டோஅசிடோசிஸில் விழலாம். டைப் 1-ல் இன்சுலின் என்பது மருந்து மட்டுமல்ல. உடல் செய்ய முடியாததை ஈடுகட்டும் உயிர்நாடி. அதற்கு மாற்று இன்றுவரை இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

- திடீரென அதிக தாகம், அடிக்கடி சிறுநீர்.
- படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய குழந்தை மறுபடி போவது.
- நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, சோர்வு.
- வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாசனை: இவை அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சந்தேகம் தெளிந்துவிடும். 'சின்னப் பிள்ளைக்கு ஏன் சுகர் டெஸ்ட்?' என்று தயங்க வேண்டாம்.

ஏற்கெனவே டைப் 1 உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், உடன்பிறந்தவர்களுக்கு ஆன்டிபாடி பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். 30 வயதுக்கு மேல் மெலிந்த உடல்வாகுடன் சர்க்கரை நோய் வந்து, மாத்திரைக்கு அடங்கவில்லை என்றாலும் 'ஜிஏடி ஆன்டிபாடி' பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரடெரிக் பேண்டிங் பிறந்ததும் அதே நாளில் என்பதால், உலக நீரிழிவு தினமும் அன்றுதான். டி செல்களுக்குச் சரியான பிரேக்கை மருத்துவம் கண்டுபிடிக்கும் நாள் வரலாம். அதுவரை டைப் 1 குழந்தைக்கு நாம் செய்யக்கூடியது எளிது: பழி போடாமல் இருப்பது, ஊசியை நிறுத்தச் சொல்லாமல் இருப்பது.